பழைய மோட்டார் வண்டியின் மின்னேற்றக் குறைகளை ஆராயுமாறு

தமிழாசிரியன் ஒருவன் தைனமோவைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், வேற்றுமை மயக்கம் பற்றியோ அணியிலக்கணம் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எண்ணியிருப்பார். ஆயினும், எம் பழைய மாணவருள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 முதலிய வண்டிகளை இன்றும் பேணி வருவோர் சிலர் உளர். ஆண்டுக் கூட்ட நாளில் அவ்வண்டிகள் வேப்பமர நிழலில் வரிசையாக நிற்கும். கூட்டம் முடிந்ததும் அவற்றுள் ஒன்றேனும் தள்ளியே புறப்படும். "பற்றறி நிற்குதில்லை" என்பார் உடையவர். தள்ளுவோரும் அதனை ஒப்புக்கொண்டே தள்ளுவர். பற்றறி நில்லாமைக்குக் காரணம் பற்றறி மாத்திரமன்று என்பதையும், மெய்க்காரணத்தை வீட்டு முற்றத்திலேயே ஒரு மணி நேரத்துள் ஆராய்ந்து காணக்கூடும் என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதனை அறியாமையால் யான் பணமும் இழந்தேன்; ஓரிரவு உயிருக்கும் அஞ்சினேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பற்றறிக்கு மின்கலவடுக்கு என்றும் தைனமோவுக்கு மின்பிறப்பாக்கி என்றும் கலைச்சொற்கள் உள. வகுப்பில் யான் வழங்குவன அவையே. ஆயினும், கறாச்சு ஒன்றிற் சென்று மின்கலவடுக்கு உளதோ என்று வினவினால், அங்குள்ள பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பர். ஆதலால், தொழில் செய்வோர் வழங்கும் சொற்களையே இங்கும் பெரும்பாலும் கைக்கொள்கின்றேன். தமிழன்பர் பொறுத்தருள்க.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டனில் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே முதன்முதற் காட்சிக்கு வந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959 இல் வெளிவந்த மினி என்னும் சிறுவண்டியை வகுத்தவரும் அவரே. ஒஸ்ரின் ஏ 40 வரிசையிலே டெவன் 1947 இலும் சொமசெற் 1952 இலும் வந்தன. 1960 களின் தொடக்கந் தொட்டு இலங்கையில் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால், முன்னர் வந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓடும் வழக்கம் இங்கு வேரூன்றிற்று. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் நின்றபோது, சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியவை இவ்வண்டிகளே.

அக்காலத்தில் மின்சாரமும் இல்லை. யான் அப்போது பள்ளிச் சிறுவன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோ தரும் மின்னால் வானொலிச் செய்தி கேட்போம். சுழற்றுவது என் வேலை. கேட்பது பெரியோர் வேலை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உடனே பெரியோரின் குரல் உயரும். தைனமோவோடு எனக்கு உண்டான முதற் பழக்கம் அதுவே.

சைக்கிள் தைனமோவினுள்ளே நிலைக்காந்தம் ஒன்று உண்டு. ஆதலால் சுழற்றியவுடன் மின் பிறக்கும். மோட்டார் வண்டித் தைனமோவின் இயல்பு வேறு. அதன் உறைக்குள்ளே இரும்புத் துண்டுகளைச் சூழக் கம்பிச்சுருள் அமைந்திருக்கும். அது புலச்சுருள் எனப்படும். அச்சுருளில் மின் ஓடினாலன்றி அவ்விரும்பு வலிய காந்தமாகாது. வலிய காந்தமின்றி, நடுவிற் சுழலும் ஆமேச்சரில் வேண்டிய மின் பிறவாது. அங்ஙனமாயின் முதலிற் பிறப்பது எது என்னும் வினா எழும். முன்பு ஓடியகாலத்து இரும்பிலே எஞ்சிநின்ற சிறு காந்தத்தன்மையே இங்கு வித்தாகின்றது. அதனால் அரை உவோற்றோ ஓர் உவோற்றோ தோன்றும். அச்சிறு மின் புலச்சுருளிற் புகுந்து காந்தத்தை வளர்க்கும். வளர்ந்த காந்தம் மின்னை வளர்க்கும். வட்டிக்கு வட்டி ஏறுமாறு போல, கணப்பொழுதில் அது பன்னிரண்டு உவோற்றையும் கடந்து செல்லும். இவ்வட்டம் எவ்விடத்தில் அறுந்தாலும் தைனமோ அந்த ஓர் உவோற்றோடு நின்றுவிடும். பின் கூறப்போகும் சோதனைகள் யாவும் இவ்வுண்மையின் மேல் நிற்பன. ஆதலால் இதனை மனத்திற் கொள்ளுக.

அக்கால ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலன பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகளை உடையன. தைனமோவின் பின்புறத்தே இரு முடிவிடங்கள் இருக்கும். பெரியது 'டி', மின் வெளிவருவது அதன் வழியே. சிறியது 'எஃப்', புலச்சுருளுக்கு மின் செல்வது அதன் வழியே. 'டி' யிலிருந்து மஞ்சள் நிறக் கம்பியும், 'எஃப்' இலிருந்து பச்சைக்கோடிட்ட மஞ்சட் கம்பியும், எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரிற் பொருத்தப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும். அப்பெட்டிக்குள் இரு உறுப்புக்கள் உள. ஒன்று சீராக்கி, தைனமோவின் அழுத்தம் அளவு கடவாவண்ணம் புலச்சுருளின் மின்னைக் குறைத்தும் கூட்டியும் காப்பது அது. மற்றையது கட் அவுட். தைனமோவின் அழுத்தம் பற்றறியினதினும் மிகும்போது கதவைத் திறந்துவிட்டு, குறையும்போது மூடிவிடுவது. அக்கதவு இல்லையேல், எஞ்சின் நின்ற வேளையில் பற்றறியின் மின் தைனமோ வழியே பின்னோக்கி ஓடி வீணாகும்.

இனி எனக்கு நேர்ந்ததைக் கூறுவேன். எந்தையார் 1974 இல் இரண்டாங் கையாக வாங்கிய 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இப்பொழுது என்னிடம் உளது. 2018 ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாட் காலை அது கிளம்ப மறுத்தது. கறாச்சுக்காரர் பற்றறி பழையது என்றார், புதியது வாங்கினேன். அது மூன்று வாரம் உழைத்து ஓய்ந்தது. அது 'பிழைச் சாமான்' என்று கூறி, வேறொரு கடையில் மற்றொன்று வாங்குவித்தனர். அதுவும் மூன்று வாரத்தில் ஓய்ந்தது. பின்னர் தைனமோவைக் கழற்றி ஆமேச்சர் சுற்றுவித்தோம். சுற்றியவர் அதனை மேசை மேல் வைத்துச் சுழற்றிக் காட்டினார். மின் நன்றாகவே வந்தது. பற்றறியை வெளியில் மின்னேற்றி, இனிக் குறையில்லை என்று துணிந்து, மார்கழி மாதத்து ஒருநாள் மாலை அம்மாவை ஏற்றிக்கொண்டு நெல்லியடியில் உறவினர் வீட்டுச் சடங்குக்குப் போனேன். சடங்கு முடிந்த பின்னும் உறவினரோடு வடமராட்சியிற் பல வீடுகளுக்குச் செல்ல நேர்ந்தது, வழியெங்கும் மழை.

திரும்பும்போது இரவு பத்து மணி. வல்லை வெளியை அறிந்தவர்க்கு யான் சொல்லவேண்டியதில்லை. இருபுறமும் நீரும் வெளியும், வீடில்லை, விளக்கில்லை. பாலத்தை அணுகுமுன்னரே மழைத் துடைப்பான் சோர்ந்தது. முன்விளக்குகளின் வெண்ணொளி மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவப்பாயிற்று. எஞ்சின் இருமுறை விக்கி நின்றது. பின்விளக்கும் இல்லாத வண்டி தெருவில் நிற்க, பின்னே ஒரு லொறி வந்தது. சாரதி எம்மை எவ்வாறு கண்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தே அது விலகிச் சென்றது. அம்மா பின்னிருக்கையில் இருந்தபடி, "தம்பி, லைற்றைப் போடன்" என்றார். நடந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் எம் அயலில், மோட்டார் மின்வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் போனேன். வயது எண்பதை அணுகியவர். கை நடுங்கும், ஆனால் மனம் நடுங்காது. யான் பற்றறிக் கதையையும் ஆமேச்சர்க் கதையையும் விரிவாகச் சொல்லி, "சிவப்பு விளக்கு ஒருநாளும் எரியவில்லை ஐயா, எரிந்திருந்தால் அப்போதே அறிந்திருப்பேன்" என்றேன். அவர் சிரித்தார்.

"மாஸ்ரர், எரியேல்லை எண்டு சந்தோசப்படக்கூடாது. எரியவேண்டிய நேரத்திலை எரிஞ்சதோ எண்டு பாத்தீங்களோ?"

பார்த்ததில்லை. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நோக்கினோம். எண்ணெய் விளக்கு எரிந்தது. மின்னேற்றச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதன் குமிழ் எரிந்துபோய் எத்தனை மாதமோ யாரறிவர்? வண்டி பல நாளாக முறையிட்டுக்கொண்டிருந்தும் அதற்கு நாவில்லாமற் போயிற்று.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லல் தகும். பகலில் ஓடும்போது எஞ்சினின் பொறிச்சுருள் ஏறக்குறைய மூன்று அம்பியர் கொள்ளும். என் வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபது நிமிடம்; திரும்ப இருபது நிமிடம். நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு அம்பியர் மணி செலவாகும். வண்டியின் பற்றறி 40 முதல் 50 அம்பியர் மணி கொள்ளும். வரவே இல்லாமல் நாளுக்கு இரண்டு செலவிட்டால் இருபது நாளில் நாற்பது போகும். மூன்று வாரம் என்பது பற்றறியின் குறையைக் காட்டவில்லை. ஒரு துளி மின்னும் அதற்குட் செல்லவில்லை என்பதையே காட்டிற்று. இருமுறையும் அதே மூன்று வாரம். சிறுவர்க்குக் காரண காரியம் கற்பிக்கும் யான் இதனை எண்ணிப்பாராமை நாணத்தக்கதே. இரவில் கணக்கு வேறு. முன்விளக்கிரண்டும் ஒவ்வொன்று ஏறக்குறைய 40 உவாற்று. பக்க விளக்கும் பின்விளக்கும் துடைப்பானும் பொறிச்சுருளும் சேர, பதினான்கு பதினைந்து அம்பியர் ஆகும். அரைகுறைப் பற்றறி அதனை ஒரு மணி நேரமுந் தாங்காது.

சிவப்பு விளக்கின் மொழியைச் சிறிது விரித்துரைப்பேன். ஏனெனில் அம்பியர்மானி இல்லாத இவ்வண்டிகளில் சாரதியோடு பேசுவது அஃதொன்றே. அவ்விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பற்றறியோடும், மறுமுனை தைனமோவின் 'டி' யோடும் இணைந்துளது. இரு பக்கத்து அழுத்தமும் வேறுபடும்போது எரியும், ஒத்திருக்கும்போது அவியும். ஆதலால், சாவி திருப்பியதும் அது எரிதல் வேண்டும். எரியாவிடின் குமிழையும் அதன் கம்பியையும் முதலிற் பார்க்க. எஞ்சின் வேகங் கொள்ளும்போது அவிதல் வேண்டும். மிக மெதுவாக எஞ்சின் நின்றோடும்போது மினுங்கினால் குறையன்று. அவ்வேகத்தில் தைனமோ மின் தராது. எவ்வேகத்திலும் முழு ஒளியோடு எரிந்தால் தைனமோவிலிருந்து யாதும் வரவில்லை. வேகங் கூடும்போது முதலில் அவிந்து பின் மெல்ல மெல்ல மீண்டும் ஒளி கூடினால், தைனமோ நன்றாக உழைக்கின்றது, ஆனால் கட் அவுட்டின் கதவு திறக்கவில்லை என்பது பொருள். தைனமோவின் அழுத்தம் பற்றறியினதைக் கடந்து தனித்து ஏறுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாது தைனமோவைக் கழற்றுவோர் பலர். எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்தபின் விளக்கு மங்கலாக எரியுமாயின், கட் அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டன; உடனே பற்றறிக் கம்பியைக் கழற்றுக. தாமதித்தால் கம்பிகள் வெந்து புகையும்.

எமது வண்டிக்கு அன்றே புதுக் குமிழ் இட்டோம். சாவி திருப்பியதும் எரிந்தது; எஞ்சின் கிளம்பிய பின்னும், எவ்வளவு வேகங் கூட்டியபோதும், முழு ஒளியோடு எரிந்துகொண்டே நின்றது. நோய் இன்னதென அறிந்தோம், இருக்குமிடம் அறியவில்லை.

பெரியவர் முதலிற் பார்த்தது பான் பெல்ற்றை. இரு கப்பிகளுக்கும் இடையேயுள்ள நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அசைதல் வேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் தைனமோவின் தாங்கி தேயும். அது சரியாகவே இருந்தது. அடுத்துப் பற்றறியின் முனைகள். பச்சையும் வெண்மையும் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, கிறீஸ் பூசுக. எஞ்சினை வண்டியுடலோடு இணைக்கும் புவித்தொடுப்புப் பட்டியையும் பார்க்க. பற்றறி ஓய்ந்து நின்றபின் உவோற்றுமானியால் அளந்தால், நிறைந்ததாயின் 12.6 க்கு மேற் காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9 என்றால் வெறுமை. நீரமானி கொண்டு தன்னீர்ப்பு அளப்போர் ஒன்றறிக: குளிர்நாட்டில் நிறைந்த பற்றறிக்கு 1.270 முதல் 1.290 வரை கூறும் பழைய கைந்நூல்களே, வெப்ப நாட்டுக்கு 1.210 முதல் 1.230 வரை போதும் என்கின்றன. வெப்பத்தில் அமிலம் தகடுகளை விரைந்து தின்னும் என்பது காரணம். நம்மூர்க் கிணற்று நீரைப் பற்றறிக்கு ஊற்றற்க. சுண்ணக்கல் நிலத்து நீர் அது.

இவற்றின் பின்னரே தைனமோவைச் சோதித்தல். இச்சோதனைக்கு வேண்டியன ஒரு சாண் கம்பியும் ஓர் உவோற்றுமானியும் மாத்திரமே. தைனமோவின் 'டி', 'எஃப்' இரண்டிலுமுள்ள கம்பிகளைக் கழற்றுக. அவ்விரு முடிவிடங்களையும் சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க. இதனால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் துணையின்றித் தைனமோ தன் மின்னைத் தானே தன் புலச்சுருளுக்கு ஊட்டும். உவோற்றுமானியின் ஒருமுனையை அவ்விணைப்பிலும் மறுமுனையைத் தைனமோவின் உடலிலும் வைக்க. இவ்வண்டிகளில் உடலோடு இணைந்தது நேர்முனை. ஆதலால் மானியின் நேர்க்கம்பி உடலுக்கும் எதிர்க்கம்பி இணைப்புக்கும் உரியன. எஞ்சினைக் கிளப்பி மெல்ல வேகங் கூட்டினால் முள் தடுமாறாது விரைந்து ஏறுதல் வேண்டும். இருபது உவோற்றுக்கு மேற் செல்ல விடற்க. காவலின்றி ஓடும் தைனமோ தன்னையே எரித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஆயிரஞ் சுற்றுப் போதும்.

முள் அசையவே இல்லையெனில் காபன் தூரிகைகளைப் பார்க்க; அவை தேய்ந்தோ கூட்டில் இறுகியோ திசைமாற்றியைத் தொடாதிருக்கும். அரை முதல் ஓர் உவோற்று வரை காட்டி நின்றால், முன் கூறிய வித்து மாத்திரம் உளது, வட்டம் அறுந்தது, குறை புலச்சுருளில். 'எஃப்' முடிவிடத்துக்கும் உடலுக்கும் இடையே தடையை அளந்தால் ஏறக்குறைய ஆறு ஓம் இருத்தல் வேண்டும். பாதி அழுத்தம், அதாவது ஆறு உவோற்றளவு வந்து நின்றால் ஆமேச்சரிற் பிழை. திசைமாற்றி கரிபடிந்திருந்தால் பெற்றோலில் நனைத்த துணியாற் துடைக்க. வேண்டின் நுண்ணிய கண்ணாடித்தாளால் மெல்லத் தேய்க்க. எமரித்தாள் கூடாது. பின்புறத்துத் தாங்கிக்கு எண்ணெய் விடும் துளை ஒன்று உண்டு. இரண்டொரு துளி போதும். அன்பு மிகுந்து ஊற்றினால் எண்ணெய் திசைமாற்றிக்குச் சென்று வேறு குறையை விளைக்கும்.

எமது தைனமோ பதினைந்து உவோற்றுக்கு மேல் விரைந்து ஏறிற்று. அப்படியாயின் அதனைச் சுற்றுவித்தது வீண் செலவு. "தைனமோ நல்லது, சுத்தினவரிலை பிழையில்லை. சுத்தச் சொன்னவையிலைதான் பிழை" என்றார் பெரியவர். சொன்னவன் யானே ஆதலால் வாய் திறக்கவில்லை.

அடுத்த சோதனைதான் பலரும் செய்யாது விடுவது. மேசை மேல் நன்றாக உழைக்கும் தைனமோ வண்டியில் உழையாதாயின், இடையிலுள்ள கம்பிகளை ஐயுறல் வேண்டுமன்றோ? தைனமோவின் இரு முடிவிடங்களுக்குமுள்ள இணைப்பை எடுக்காமலே, கழற்றிய இரு கம்பிகளையும் மீண்டும் அவற்றின் முடிவிடங்களிற் பொருத்துக. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தே அவ்விரு கம்பிகளையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாமலும் உடலைத் தொடாமலும் வைக்க. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அளக்க. தைனமோவிற் கண்ட அதே அழுத்தம் இரண்டிலும் வருதல் வேண்டும். எந்தக் கம்பியில் வரவில்லையோ அது அறுந்தது. மஞ்சட் கம்பியில் பதினைந்து வந்தது. பச்சைக்கோடிட்ட கம்பியில் முள் எழவே இல்லை.

அக்கம்பியைத் தைனமோவின் பக்கமிருந்து தடவிக்கொண்டு வந்தோம். முடிவிடத்திலிருந்து இரண்டு அங்குலத்தில், உறை கெடாது நின்றது. மடித்துப் பார்த்தபோது உள்ளே எலும்பில்லாத விரல்போலத் துவண்டது. உறையைக் கீறினோம். செம்பு இழைகள் யாவும் பச்சைத் தூளாயிருந்தன. எஞ்சின் குலுங்குந்தோறும் அவ்விடம் மடிந்து நிமிர்ந்து, ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் இழையிழையாக அற்றுப்போயிருக்கின்றது. வெளித்தோற்றத்தில் யாதொரு குறையுமில்லை. ஆங்கிலேயர் லூக்காஸ் கருவிகளை 'இருளின் இளவரசர்' என்று எள்ளி நகையாடுவதுண்டு. அந்நகை என் வண்டியைப் பொறுத்தமட்டில் நியாயமன்று. அத்துணைக் காலம் வேலைசெய்த கம்பியைக் குற்றங்கூறுதல் எவ்வாறு?

ஒரு முழக் கம்பியும் இரு முனைத்துண்டுகளும் வாங்கிப் பொருத்தினோம். செலவு முந்நூறு ரூபாவும் ஆகவில்லை. எஞ்சின் கிளம்பியதும் சிவப்பு விளக்கு அவிந்தது. நடுத்தர வேகத்தில் பற்றறியின் முனைகளில் 14.2 உவோற்று நின்றது. 13.5 க்கும் 14.5 க்கும் இடைப்பட்டது எதுவும் நன்றே.

கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சுருங்கக் கூறி விடுவேன். அதனைத் தீண்டாமையே பெரும்பாலோர்க்கு நலம். மூடியைத் திறந்ததும் கண்ணுக்குப் புலப்படும் திருகாணியைத் திருக வேண்டுமென்று கைகள் துடிக்கும். அதனைத் திருகினால், உண்மைக்குறை கம்பியில் இருக்க, பொய்க்குறை ஒன்றும் கூடிவிடும். தைனமோவும் கம்பிகளும் நல்லன என்று காட்டிய பின்னரே சீராக்கியை ஐயுறுக. கட் அவுட் 12.7 க்கும் 13.3 உவோற்றுக்கும் இடையே திறத்தல் வேண்டும். பற்றறியைப் பிரித்துவிட்டு அளக்கும்போது சீராக்கி ஏறக்குறைய பதினாறு உவோற்றில் நிறுத்தும். சரியான எண் வண்டிக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் கைந்நூலிற் கண்டுள்ளது. திருத்துவதாயின் அரை நிமிடத்துள் திருத்துக. கூடினால் சுருள் சூடேறிப் பொய்யளவு காட்டும்.

குறைவாக மின்னேறுவதே குறை என்று எண்ணற்க. பற்றறியின் நீர் அடிக்கடி வற்றுவதும், குமிழ்கள் அடுத்தடுத்து எரிந்துபோவதும் மிகையாக ஏறுவதன் அறிகுறிகள். அப்போதும் பெட்டியைத் திருகுமுன் அதன் 'ஈ' முடிவிடத்துப் புவித்தொடுப்புக் கம்பியைப் பார்க்க. அது துருப்பிடித்துத் தடை கூடினால், சீராக்கி தைனமோவின் அழுத்தத்தைக் குறைவாக உணர்ந்து மேலும் மேலும் ஏறவிடும். துருவைச் சுரண்டித் திருகாணியை இறுக்கினால் தீரும் நோய்க்குப் புதுப்பெட்டி வாங்கியவரை யான் அறிவேன்.

நேர்முனை உடலோடு இணைதல் பற்றி மேலே கூறினேன். இக்கால வண்டிகளில் இஃது எதிர்முனை. இளைய தொழிலாளர் பழக்கத்தாற் புதுப் பற்றறியை மாற்றிப் பொருத்திவிடுவதுண்டு. அவ்வாறு செய்தால், தைனமோவில் எஞ்சிய காந்தம் ஒரு திசையிலும் பற்றறி மறுதிசையிலும் நிற்க, கட் அவுட் திறந்ததும் பெருமின் பாய்ந்து முனைகள் ஒட்டிவிடும். பற்றறி பொருத்தும்போது உடனிருந்து பார்க்க. நெடுநாள் ஓடாமற் கிடந்து தைனமோ வித்தையும் இழந்திருந்தால், 'எஃப்' கம்பியைக் கழற்றிவிட்டு, பற்றறியின் உடலோடு இணையாத முனையிலிருந்து ஒரு கம்பியால் தைனமோவின் 'எஃப்' முடிவிடத்தை இரண்டு மூன்றுமுறை தொட்டுத் தொட்டு எடுக்க, காந்தம் மீளும்.

எஞ்சின் ஓடும்போது பற்றறிக் கம்பியைக் கழற்றிப் பார்த்து, எஞ்சின் நில்லாவிடின் தைனமோ நல்லது என்று கூறும் வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. அதனை விட்டொழிக்க. பற்றறி என்னும் தாங்கல் இன்றித் தைனமோவின் அழுத்தம் துள்ளும். இக்காலத்து ஒல்ற்றனேற்றர் பூட்டிய வண்டியாயின் அதன் உள்ளுறுப்பே எரிந்துபோம். மின்னேறும் பற்றறியின் அருகே பீடி, தீக்குச்சி வேண்டா. அது விடும் வாயு வெடிக்கும். கைம்மோதிரத்தையும் கழற்றி வைக்க.

தைனமோவை அகற்றி ஒல்ற்றனேற்றர் பூட்டுதல் நன்றோ என்று பலர் என்னை வினவுகின்றனர். நாள்தோறும் இரவிலும் மழையிலும் ஓடுவோர்க்கு அது உதவும். என் வண்டியினது போன்ற சி 39 தைனமோ 19 அம்பியரும் பின் வந்த சி 40 தைனமோ 22 அம்பியருமே தரும், அதுவும் வேகத்தில் ஓடும்போது மாத்திரம். யான் குறை கூறேன். ஆனால் குறையைக் காணாமல் அதனைப் பூட்டுவது, நோயாளியை விட்டுக் கட்டிலை மாற்றுவதே. மடிந்து அற்ற கம்பியும் துருவேறிய புவித்தொடுப்பும் புதுக்கருவியையும் விடா.

பெரியவர் அன்று கூலி வாங்கவில்லை. எரிந்துபோன அச்சிறு குமிழைத் தாளில் மடித்து என் கையிற் தந்தார். இன்றும் என் மேசையில் உளது. அடுத்த வாரம் நெல்லியடிக்கு மீண்டும் போனோம். சாவியைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, எஞ்சினைக் கிளப்பி, அது அவிவதையுங் கண்ட பின்னரே புறப்பட்டேன். வல்லை வெளியில் மழை பெய்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் அம்மா நித்திரை.